முறிகண்டி தாண்டினால் இடறும் கார்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஸ்கானரைச் செருகினால் பிழை எதுவென்று திரையில் வந்து நிற்கிற காலத்தில் நீங்கள் வேலை பழகுகிறீர்கள். சந்தோசம். எனக்கு அதில் பொறாமை இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எந்த ஸ்கானரும் காட்டாத ஒரு பிழை உண்டு. அது மெக்கானிக்குக்குள் இருக்கிற பிழை. என்னுடைய அந்தப் பிழை பிடிபட்ட காலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் வேலைக் காலம் முழுவதிலும் நான் அவ்வளவு துள்ளிய நாளும் இல்லை, அவ்வளவு வெட்கப்பட்ட நாளும் இல்லை.

நாடு கடனில் விழுந்த காலத்துப் பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து கொஞ்சக் காலம். என் கராச் அப்போது தர்மபுரத்தில் இருந்தது. முரசுமோட்டையில் வயல் செய்கிற தவராசா தன்னுடைய மாமனாரின் பழைய இங்கிலாந்துக் காரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் விட்டார். இடம்பெயர்ந்து திரும்பி வந்த நாளிலிருந்து சில்லும் இல்லாமல் சீற்றும் இல்லாமல் காணிக்குள் கிடந்த கார் அது.

"அண்ணை, இதை எப்பிடியாவது ஓட வையுங்கோ" என்றார்.

"உமக்கென்ன விசரே? இந்தக் காசுக்கு ஒரு நல்ல ஓட்டோ எடுக்கலாம்."

"ஓட்டோவில தடி ஏறாது அண்ணை."

தடி என்றது கோலூன்றிப் பாய்கிற தடி. அவருடைய மகள் நிவேதா பாடசாலையில் கோலூன்றிப் பாய்கிறவள். தடி ஓர் ஆளைப்போல இரண்டு மடங்கு நீளம்; மடக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. பயிற்சிக்கும் போட்டிக்கும் வவுனியாவுக்குப் போக வேண்டும். பஸ்காரர் பிள்ளையை ஏற்றுவார்கள், தடியைக் கண்டதும் கையை விரிப்பார்கள். அந்தக் காரின் கூரையில் மட்டும் பழைய இரும்புச் சட்டம் ஒன்று இருந்தது. தடியை வைத்துக் கட்டினால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் போய்ச் சேரும். வருட முடிவில் மாகாண அணிக்குத் தெரிவு. அதற்குள் அந்தப் பிள்ளை பயிற்சியாளருக்கு முன்னால் ஒழுங்காக நிற்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

நான் பொனற்றைத் திறந்தேன். திறந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளே கிடந்தது முந்தி நான் செய்த வேலை!

இளம் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் மருந்துக்கும் இல்லை. நாங்கள் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சின்னக் குப்பியிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டாட் எடுப்பது, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது. மண்ணெண்ணெய் இலேசில் பற்றாது. சூடாகப் போனால்தான் பற்றும். அதற்காக இஞ்சின் தலைக்குக் கீழே கஸ்கெற் என்கிற மெல்லிய தகட்டை இரட்டையாகப் போட்டு அமுக்கத்தைக் குறைப்போம். எண்ணெய் வருகிற குழாயை, இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயின் அருகால் வளைத்து எடுப்போம். ஆளுக்கொரு முறை. என் முறை செப்புக் குழாயில் மூன்று சுற்று. எவ்வளவு கிட்ட வைப்பது, எவ்வளவு தள்ளி வைப்பது என்பதெல்லாம் கைக்கணக்கு. அந்த மூன்று சுற்றால் அந்தக் கார் எத்தனை காயக்காரரையும் எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மூட்டுகள் ஒருகாலும் கழலக் கூடாது என்று பித்தளையால் உருக்கி ஒட்டியிருந்தேன். அத்தனை வருட மழையிலும் வெயிலிலும் ஓர் ஒட்டும் விடவில்லை. "பாரும் ஐசே, ஆற்ற வேலை? என்ர வேலை!" என்று தவராசாவிடம் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன்.

இரண்டு மாதம் மினைக்கெட்டு அந்த இஞ்சினைப் பெற்றோலுக்குத் திருப்பினேன். இரட்டைக் கஸ்கெற்றில் ஒன்றை எடுத்தேன். பிளக் தீப்பொறி விடுகிற நேரத்தைப் பெற்றோலுக்குச் சரிசெய்தேன். வேறு காபரேட்டர் பொருத்தினேன். செப்புக் குழாயை மட்டும் விட்டுவைத்தேன். பெற்றோல் இல்லாத காலம் இனி வராது என்று எங்களில் யார் சத்தியம் பண்ணுவார்? வரிசையில் நின்ற கால் உளைவே இன்னும் போகவில்லை. கிடக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும் என்று விட்டேன். விட்டது மட்டுமா, பழப்புளி போட்டுத் தேய்த்து மினுக்கியும் விட்டேன்.

கார் ஓடியது. அதுவும் சும்மா இல்லை, பூப்போல ஓடியது. முதல் பயிற்சிக்குத் தடியைக் கட்டிக்கொண்டு அப்பாவும் மகளும் போனார்கள். எல்லா வாகனக்காரரையும்போல முறிகண்டியில் நிறுத்தி, தெருவோரப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வெளிக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று கிலோமீற்றரில் இஞ்சின் இடறத் தொடங்கியது. குலுக்கம், இருமல், இழுவை இல்லை. நிற்பாட்டிப் பார்த்துவிட்டு எடுத்தால் இன்னும் மோசம். வவுனியாவுக்குப் போய்ச் சேரப் பயிற்சி முடிந்துவிட்டது. திரும்பி வரும்போதும் அப்படியே: முறிகண்டி வரைக்கும் நல்லபிள்ளை, தாண்டினதும் இருமல்.

காரை என்னிடம் கொண்டுவந்து விட்டார். கராச்சில் ஸ்டாட் பண்ணினால் ஒரு குறையும் இல்லை. பிளக் நாலையும் மாற்றினேன். இரண்டாம் தரமும் முறிகண்டி தாண்டி இடறியது. காபரேட்டரைக் கழற்றி ஊதினேன், பெற்றோல் டாங்கைக் கழுவினேன். மூன்றாம் தரமும் இடறியது. பொயின்ற், கொண்டென்சர், கொயில், வயர் எல்லாம் புதுசு போட்டேன். தெருக் குலுக்கத்தில் எங்கேயோ வயர் ஒன்று தொடுகிறதாக்கும் என்று ஒவ்வொரு வயரையும் பிடித்து ஆட்டினேன். நானே இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன். முறிகண்டியில் இறங்கினேன், கும்பிட்டேன், கச்சான் கடலை வாங்கினேன், எடுத்தேன், இடறியது. எனக்கு மண்டை விறைத்துப் போனது. இரவில் சோறு இறங்கவில்லை என்று மனிசி ஏசினாள்.

தவராசாவுக்கு வேறு விளக்கம் இருந்தது.

"அண்ணை, மாமா ஏதோ நேர்த்திக்கடன் வைச்சிட்டுச் செய்யாமல் கண்ணை மூடிட்டார் போல. அதுதான் பிள்ளையார் மறிக்கிறார்."

அதனால் அடுத்த தரம் மூன்று தேங்காய் உடைத்தார். கார் முன்னையைவிடக் கூட இடறியது. அதற்கடுத்த தரம் ஏழு உடைத்தார், கற்பூரமும் கொளுத்தினார். அன்றைக்குக் கார் மாங்குளத்துக்கே போகவில்லை. "பாத்தீங்களோ, கோவம் கூடிக்கொண்டு போகுது!" என்றார். நான் சிரித்தேன். சிரித்தேனே ஒழிய, தேங்காய் கூடக் கூட இடறலும் ஏன் கூடுகிறது என்று யோசிக்கவில்லை. அதில் ஒரு விசயம் இருந்தது. பக்தி என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டேன். வாகனக்காரன் சொல்வதை, எவ்வளவு விசர்க்கதையாக இருந்தாலும், முழுக்கக் கேளுங்கள். அவன் சொல்லும் காரணம் பிழையாக இருக்கலாம், கண்டது பிழையாக இராது.

இதற்குள் பயிற்சியாளர் நிவேதாவுக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார். தெரிவு நாளன்று ஒன்பதரைக்குப் பெயர் பதிவு மூடும். பிந்தினால் வரவில்லை என்றுதான் எழுதுவார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

தெரிவுக்கு இரண்டு நாள் முந்தி என் பழைய வாடிக்கையாளர் ஹனீபா நானா வந்தார். பரந்தனில் தேங்காய் வியாபாரம் செய்கிறவர். அவருடைய வான் என்னிடம் திருத்தத்துக்கு நின்றது. தாயாரை வவுனியாவுக்குக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். தவராசாவைக் கேட்டு இந்தக் காரைக் கொடுத்தேன். "இடறும் நானா, பாத்து ஓடுங்கோ" என்று சொல்லியும் விட்டேன். அடுத்த நாள் காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, நான் இல்லாத நேரத்தில் கார்த் திறப்பை மனிசியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இடறியதா என்று கேட்க எனக்கு மறந்தே போனது. இடறாமல் எங்கே போயிருக்கும் என்ற நினைப்பு.

தெரிவு நாள் விடிந்தது. "நானும் வாறன்" என்று ஸ்பானர், அரத்தாள் எல்லாம் கிடக்கிற ஆயுதப் பெட்டியோடு பின் சீற்றில் ஏறினேன். தவராசா ஓட்டினார், பக்கத்தில் நிவேதா, கூரையில் தடி. முரசுமோட்டையிலிருந்து பரந்தன், கிளிநொச்சி என்று கார் அப்படி ஒரு சுதியில் ஓடியது. முறிகண்டியில் நிறுத்தினார்.

"இண்டைக்கு மட்டும் காரில இருந்தபடியே கும்பிட்டுப் போட்டுப் போவம் ஐசே" என்றேன்.

"உதென்ன கதை அண்ணை? இண்டைக்கோ நிக்காமல் போறது?"

நியாயம்தானே! முறிகண்டியில் நிற்காமல் போக எந்த றைவருக்கு மனம் வரும்? எனக்கே வரவில்லை. பதினொரு தேங்காய் உடைத்தார். அர்ச்சனையும் செய்தார். இருபது நிமிடம்.

எடுத்தோம். கொக்காவில் வரமுதல் கார் இருமத் தொடங்கியது. பிறகு குலுங்கியது. பிறகு ஒரு தரம் வெடித்துவிட்டு நின்றே விட்டது. இரண்டு பக்கமும் காடு. மணி எட்டு ஆகப் பத்து நிமிடம். இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம் இருக்கிறது.

தவராசா ஸ்டியறிங்கில் தலையை வைத்துவிட்டார். வவுனியா பஸ் ஒன்று வந்தது, மறித்தோம். கொண்டக்டர் கூரையைப் பார்த்தார். "பிள்ளை ஏறட்டும். உது ஏறாது."

"ஏறு பிள்ளை, அங்க ஆற்றையும் தடியை வாங்கிப் பாயலாம்" என்றார் தகப்பன்.

"மற்ற ஆக்களின்ர தடி என்ர பாரத்துக்குச் சரிவராதப்பா. தடியில்லாமல் அங்க போய் என்ன செய்யிறது? கை தட்டுறதோ?" என்றாள் நிவேதா. பஸ் போய்விட்டது.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். "மாமா, உங்களுக்கு இன்னும் எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டாள். எனக்கு நேரம் வேண்டாம் பிள்ளை, எனக்குப் புத்தி வேண்டும் என்று நினைத்தேன்.

பொனற்றைத் திறந்தேன். ஸ்பானரைக் கையில் எடுத்தேன். எடுத்த ஸ்பானரைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டேன். இது முக்கியம், கவனியுங்கள். நெருக்கடியில் கை ஏதாவது ஒன்றைக் கழற்றத் துடிக்கும். கழற்றினால் வேலை நடக்கிறது என்று எல்லோருக்கும் ஒரு ஆறுதல். அந்தக் காரில் கழற்றாத ஒன்றை நான் விட்டுவைத்திருக்கவில்லை. அப்படித்தான் நினைத்தேன். ஆகவே கழற்றாமல் போனை எடுத்து ஹனீபா நானாவுக்கு அடித்தேன்.

"நானா, கார் உங்களுக்கு எந்த இடத்தில இடறினது?"

"இடறவே இல்லையே! போகேக்கையும் பவுண் மாதிரி, வரேக்கையும் பவுண் மாதிரி. நீர் சும்மா பயப்படுத்தினீர்."

"முறிகண்டி தாண்டியுமோ?"

"எங்க தாண்டியும் இல்லை."

"முறிகண்டியில எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"நான் நிக்கேல்லையே. எனக்கு அங்க என்ன வேலை? முந்தியெண்டால் கச்சானுக்கு நிப்பன். இப்ப கடிக்கப் பல்லு எங்க கிடக்கு?"

போனை நிறுத்திச் சட்டைப் பையில் போட்டேன். பிறகு தவராசாவின் தோளைப் பிடித்து உலுப்பினேன்.

"நீர் கிளிநொச்சியில கடைக்கு நிப்பாட்டினால் இஞ்சினை நூக்கிறனீரோ, ஓட விடுறனீரோ?"

"ஓட விடுறனான் அண்ணை. பற்றரி வீக். ஒரு இடத்திலயும் நூக்கிறேல்லை."

"முறிகண்டியில?"

"அங்க நூக்காமல்? சாமிக்கு முன்னால இஞ்சின் கத்த விடுறதோ?"

ஐயோ, கடவுளே! பிடிபட்டுவிட்டது! தெருவில் நான் ஒரு சுற்றுத் துள்ளிய துள்ளலில் நிவேதா பயந்துபோனாள். ஓடும்போது பெற்றோல் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றும் அடிக்கும், குழாய் சூடாகாது. கொதிக்கிற இஞ்சினை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கும்பிட்டால், நின்றுபோன பெற்றோல் குழாய்க்குள்ளேயே கிடந்து கொதித்து ஆவியாகும். ஆவி அடைத்தால் பிறகு பெற்றோல் வராது. தேங்காய் கூடினால் நேரம் கூடும், நேரம் கூடினால் கொதி கூடும். தெருவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இன்னும் மோசம். தவராசா கண்டது முழுக்கச் சரி. பிள்ளையாருக்கு மட்டும்தான் கோபம் இல்லை.

சரி, எந்தக் குழாய் கொதிக்கிறது? குனிந்தேன். மினுமினுவென்று மினுங்கிக்கொண்டு கிடந்தது, என்னுடைய மூன்று சுற்று.

மண்ணெண்ணெயைச் சூடாக்கக் கட்டிய குழாய், வேறு என்ன செய்யும்? தன் வேலையைத்தான் செய்தது. நான் அந்த இஞ்சினில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடையில் வாங்கியது, கம்பனி செய்தது, தெரு, வயர், எல்லாவற்றையும். என் கை செய்ததை மட்டும் சந்தேகப்படவில்லை. அதைத் தேய்த்து மினுக்கி அழகு பார்த்தேன்.

சும்மா நினைப்பது காணாது, நிரூபிக்க வேண்டும். கும்பிடும்போது தவராசா இடுப்பில் கட்டியிருந்த சால்வையை உருவி, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் நனைத்துக் குழாயில் சுற்றினேன். சுர்ரென்றது. இன்னும் தண்ணீர் விட்டேன். "இப்ப எடும்!" எடுத்தார். இரண்டு இருமல், மூன்றாவதில் பிடித்தது! நிவேதா கையைத் தட்டினாள்.

"அப்ப வெளிக்கிடுவம்!" என்று தவராசா கதவைச் சாத்தினார்.

"பொறும். சால்வை காஞ்சால் திரும்பவும் வரும். குழாயை வெட்டி எடுக்க வேணும்."

"உந்தக் குழாய் ஆர் வைச்சது அண்ணை?" என்று கேட்டார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். "என்ர பிள்ளை இத்தினை தரம் பிந்தினது உங்கட குழாயாலயோ?"

"ஓம். நான்தான். என்ர பிழைதான்" என்றேன். தெருவில் நின்று அழலாம்போல இருந்தது. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் நிவேதா குறுக்கே வந்தாள்.

"அப்பா, பிறகு பேசலாம். மாமா, பிறகு வெக்கப்படலாம். இப்ப வெட்டுங்கோ!"

இப்படி வேலை வாங்கத் தெரிந்த ஒரு போர்மன் எனக்கு இளமையில் கிடைக்கவில்லை.

அடுத்தது கஷ்டமான முடிவு. கொதிக்கிற இஞ்சினில் பெற்றோல் குழாயை வெட்டினால் ஒரு சொட்டுப் போதும், காரும் போகும், தடியும் போகும், நாங்களும் போவோம். இஞ்சினை நூர்த்து, நனைத்து, பத்து நிமிடம் ஆற விட்டேன். மணி ஓடுகிறது. அந்தப் பத்து நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு, அதுவரை பழகிய தொழில் முழுவதும் தேவைப்பட்டது. பிறகு இரும்பறுக்கும் அரத்தாளால் அறுத்தேன். அறுபடவே மாட்டேன் என்றது. அந்த ஒட்டை ஒட்டியவன் நானல்லவா! வேர்வை கண்ணுக்குள் போக, என் வேலையை நானே திட்டிக்கொண்டு அறுத்தேன். இரண்டு பக்கமும் அறுத்தெடுத்து, பெட்டியில் இருந்த பெற்றோல் றப்பர் குழாய்த் துண்டை மாட்டி, சூடு படாத மற்றப் பக்கத்தால் எடுத்துக் கிளிப் போட்டு இறுக்கினேன்.

மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு இடறல் இல்லை. மைதானத்து வாசலில் ஒன்பது இருபத்தாறு. கார் நிற்கமுதலே நிவேதா குதித்து ஓடினாள், பெயர் கொடுத்துவிட்டு வந்து தடியை அவிழ்த்தாள்.

அந்த விளையாட்டை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அவள் ஓடி வந்து தடியை ஊன்ற, தடி வில்லாக வளைந்தது. "முறியப்போகுது, முறியப்போகுது!" என்று நான் கத்தினேன். முறியவில்லை. அவளைத் தூக்கி மேலே விட்டது. பிள்ளை குறுக்குக் கம்புக்கு மேலால் திரும்பி விழுந்தாள், கம்பு அசையவே இல்லை. தவராசாவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னேரம் பட்டியல் ஒட்டினார்கள். அவளுடைய பெயர் இருந்தது.

திரும்பி வரும்போது முறிகண்டியில் கார் நின்றது. தவராசா இஞ்சினை நூர்த்தார். உண்மையான சோதனை இதுதான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் போய் ஒரேயொரு தேங்காய் வாங்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"எனக்கேன் ஐசே?" என்றேன்.

"பிழை உங்கட. இவ்வளவு நாளும் தேங்காய் நானெல்லோ உடைச்சனான்" என்றார்.

நிவேதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி, என் பலம் முழுவதையும் கூட்டி அடித்தேன். பிறகு கச்சான் வாங்கி, வேண்டுமென்றே அரை மணித்தியாலம் இருந்து மூன்று பேரும் தின்றோம். தவராசா ஏறித் திறப்பைத் திருப்பினார். ஒரே முறுக்கில் பிடித்தது. வீடு வரைக்கும் இடறவில்லை.